மல்லாட்டை என்று கத்தினால் நிறுத்த வேண்டும்

எழுதுவதற்கு உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாவது வரை படித்தவன். திண்டிவனத்தில் மைக் செட் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேடையில் ஏறி "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லக் கூச்சப்பட்டு, மைக்கை விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு இறங்கி வந்தவன். முப்பது வருடம் போயும் அந்தக் கூச்சம் போகவில்லை. படப்பிடிப்பில் சத்தம் பிடிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் சிலர், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். நேரில் கேட்டிருந்தால் "ஒண்ணும் இல்லப்பா" என்று தப்பித்திருப்பேன். எழுதிக் கேட்டதால் மாட்டிக்கொண்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடது காதில் ஓயாத இரைச்சல் வந்துவிட்டதால் வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. அதற்கு முன் ஏழு சின்னப் படங்களில் வேலை செய்தேன். ஏழும் பேய்ப்படம். அதிலும் ஒரே வகை. காணாமல் போனவர்களின் கேமரா கிடைத்தது, அதில் இருந்த வீடியோ இதுதான் என்று சொல்லிக் காட்டுகிற படங்கள். நாங்கள் அதை "கெடச்ச வீடியோ" என்போம். பெரிய நடிகர் வேண்டாம், செட் வேண்டாம், பேய்க்கு மேக்கப்கூட வேண்டாம். அதனால் கையில் காசில்லாதவர்கள் எல்லாரும் முதலில் இதைத்தான் எடுப்பார்கள். மற்ற படங்களில் பேச்சைப் பிறகு டப்பிங்கில் சேர்த்துக்கொள்ளலாம். இதில் முடியாது. அந்த இடத்தில், அந்த நேரத்தில் பிடித்த சத்தமாக இருந்தால்தான் பார்க்கிறவர் நம்புவார். என்னைப் போன்ற மைக் செட் ஆளுக்கு வேலை கிடைத்தது அதனால்தான்.

முதல் படத்தில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். விழுப்புரத்தில் பூட்டிக் கிடந்த ஒரு பழைய கல்யாண மண்டபம். மாடியில் நீளமான நடை. நடையின் கடைசியில் ஒரு கதவு. கதை என்னவென்றால், கேமராவைத் தரையில் வைத்துவிட்டு அதை வைத்திருந்த ஆள் எங்கோ போய்விட்டான். கேமரா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறது. நான்கு நிமிடம். கடைசியில் கதவு ஒரு சாண் திறக்கும். அவ்வளவுதான் காட்சி.

மேலே ஒரு மின்விசிறி, சுற்றுக்கு ஒரு தரம் "டிக்" என்று அடித்துக்கொண்டிருந்தது. மேடையில் ஒரு சின்ன இரைச்சல் வந்தாலும் முதலாளியிடம் திட்டு வாங்கி வளர்ந்தவன் நான். விசிறியை நிறுத்திவிட்டு, சுத்தமாகப் பதிவு செய்து கொடுத்தேன். கதவு திறக்கும் இடத்தில் கிறீச் என்று ஒரு சத்தத்தை நானே பெரிதாக்கியும் வைத்தேன். எல்லாரும் பாராட்டுவார்கள் என்று காத்திருந்தேன்.

டைரக்டர் அந்த ஊர்ப் பையன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு இதற்கு வந்தவர். என்னைவிட இருபது வயது சின்னவர். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ணா, அந்த ஃபேன் எங்கணா?"

"நிறுத்திட்டேன் தம்பி. டிக்கு டிக்குன்னு பேஜாரு பண்ணுச்சு."

"அதான்ணா பேயே. மறுபடி போடுங்க."

மறுபடி எடுத்தோம். மூன்றரை நிமிடம் டிக், டிக், டிக். பார்க்கிறவர் முதல் நிமிடத்தில் எரிச்சல்படுவார். இரண்டாவது நிமிடத்தில் அதை மறந்துவிடுவார். பிறகு, கதவு திறப்பதற்கு முன்னால், டிக் நின்றுவிடும். வேறெதுவும் நடக்காது. அதை என் வீட்டில் பட்டப்பகலில் லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தாள். டிக் நின்றதும் அவள் கை நின்றது. தலையைத் தூக்கி எங்கள் வீட்டு விசிறியைப் பார்த்தாள்.

"இன்னா, கரண்டு போச்சா?"

விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் அதன்பிறகு கீரையைத் தொடவில்லை. கதவு ஒரு சாண் திறந்தபோது, "நிறுத்து, நிறுத்து அத" என்றாள்.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதில் பாதி அதுதான். புதிய சத்தத்தால் வருவது திடுக்கிடல். அது ஒரு நொடியில் போய்விடும். பழகிய சத்தம் நின்றால் வருவதுதான் பயம், அது உட்கார்ந்துகொள்ளும். படத்துக்கும் அதே கதைதான். மற்ற படங்களில் ஆபத்து வந்தால் கேமரா அங்கே திரும்பும், கிட்டே போகும், முகத்தைக் காட்டும். யாரோ நமக்காகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு தைரியம் இருக்கும். கெடச்ச வீடியோவில் கேமரா திரும்பாது. ஒருத்தி தூரத்தில் துடித்துக்கொண்டிருந்தால்கூட அது பாட்டுக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். கேமராவுக்குப் பின்னால் ஆளில்லை என்பது நமக்குத் தெரியும். உதவிக்கு யாரும் வரப்போவதில்லை என்பதை அந்த அசையாத படமே சொல்லிவிடும். பேயைக் காட்டவே தேவையில்லை.

இது தெரிந்த பிறகு நான் கொஞ்சம் கர்வமாகவே இருந்தேன். அந்தக் கர்வத்தோடுதான் மரக்காணம் உப்பளத்துக்குப் போனேன்.

அது ஐந்தாவது படம். அதே டைரக்டர். கதாநாயகியாக நடித்தவர் செல்வி. தென்காசிப் பக்கத்துப் பெண், மேடை நாடகத்தில் நடித்தவர். படம் முழுக்க அவர்தான் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைவார்.

இந்த வகைப் படங்களில் ஒரு சிக்கல் உண்டு. வசனம் எழுதிக் கொடுப்பதில்லை. சூழ்நிலையைச் சொல்லிவிட்டு விட்டுவிடுவார்கள். நடிப்பவர் வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கத்தலாம், அழலாம். "வேணாம்", "நிறுத்துங்க", "காப்பாத்துங்க" எல்லாமே கதைக்குள் வரும் சொற்கள். அப்படியானால் நிஜமாகவே ஏதாவது ஆகிவிட்டால் அவர் எதைச் சொல்வது? கதைக்குள் வரவே முடியாத ஒரு சொல் வேண்டும்.

அதைப் பற்றித் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டே பேசினோம். என் கையில் அவித்த மல்லாட்டைப் பொட்டலம் இருந்தது. நான் சாதாரணமாக வாயைத் திறக்க மாட்டேன். அன்று திறந்தேன்.

"மல்லாட்டைன்னு வெச்சுக்கலாமே. பேயப் பாத்து யாரு மல்லாட்டைன்னு கத்தப்போறாங்க."

டைரக்டர் டீ புரையேறச் சிரித்தார். செல்விக்குப் புரியவில்லை. நான் ஒரு காயை உடைத்துக் காட்டினேன்.

"இதுவா? எங்க ஊர்ல இது கடலை அண்ணே. மல்லாட்டைன்னா எவனையோ மல்லாத்திப் போட்ட மாரி இருக்கு."

"அதான்மா நல்லது. மறக்காது பாரு" என்றார் டைரக்டர்.

செல்வி இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். மல்லாட்டை, மல்லாட்டை. எல்லாரும் சிரித்தோம். அந்தச் சொல் முடிவாகிவிட்டது. அது நான் கொடுத்த சொல்.

உப்பளத்தில் எடுக்க வேண்டிய காட்சி இது. கைவிடப்பட்ட பாத்திகள். வெள்ளையும் சாம்பலுமாக, கேமரா பார்க்கும் பக்கத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆளில்லை. செல்வி கேமராவை வரப்பின் மேல் ஒரு ஸ்டாண்டில் வைத்துவிட்டு, காணாமல் போன தோழியைத் தேடி முன்னால் நடப்பார். நூறு அடி போய், கேமராவுக்கு முதுகைக் காட்டி நிற்பார். இரண்டு நிமிடம் அசையாமல் நிற்பார். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, முழங்காலை மடக்கி உட்கார்ந்து, கேமராவுக்கும் அவருக்கும் நடுவில் இருக்கும் சின்ன வரப்புக்குக் கீழே மறைந்துவிடுவார். பார்க்கிறவருக்கு, நிலம் அவரை விழுங்கியது போல் இருக்கும். கேமரா திரும்பாது. வெறும் உப்பளம் மட்டும் இன்னும் ஒரு நிமிடம் தெரியும்.

அந்த வெட்டவெளியில் நாங்கள் ஒளிய இடமில்லை. கேமராவுக்குப் பக்கவாட்டில், உப்பு மூட்டை அடுக்கும் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. நானும் டைரக்டரும் கேமராக்காரரும் அதற்குள் போய்விட்டோம். அவர்கள் இருவரும் கீற்று இடுக்கில் பார்த்தார்கள். செல்வியின் சட்டைக்குள் காலர் மைக். அது என் ஹெட்போனுக்கு மட்டும் வந்தது. இன்னொரு ஹெட்போன் இல்லை. அவர் மூச்சு விடுவதும் முணுமுணுப்பதும் உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் கேட்கும். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

காலையில் டைரக்டரே அந்த இடத்தில் போய்க் குதித்துப் பார்த்தார். தரை கெட்டி. ஆனால் எடுக்கத் தொடங்கியது மதியம் மூன்றுக்கு. அப்போது ஸ்டாண்டின் நிழல் படத்தில் விழுந்தது. கேமராவைப் பத்து அடி தள்ளி வைத்தார்கள். அதனால் செல்வி நிற்கும் இடமும் பத்து அடி தள்ளிப் போனது. புதிய இடத்தில் யாரும் கால் வைத்துப் பார்க்கவில்லை. கழுவெளி ஏரியிலிருந்து உப்பளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் பழைய வாய்க்கால் அங்கே தூர்ந்து கிடந்தது. மேலே காய்ந்த உப்புப் பொருக்கு. கீழே கருப்புச் சேறு. மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தரைதான்.

காட்சி தொடங்கியது. என் காதில் செல்வியின் காலடி, உப்புப் பொருக்கு நொறுங்கும் சத்தம், காற்று. தூரத்தில் ஏதோ ஒரு பறவை விடாமல் கூவிக்கொண்டிருந்தது. காலடி நின்றது. செல்வி நின்றுவிட்டார். நல்ல மூச்சு. பயந்த பெண்ணின் மூச்சை நன்றாக விடுகிறார் என்று நினைத்தேன்.

ஒரு நிமிடம் ஆனதும் "ஐயோ" என்று ஒரு சின்னச் சத்தம். பிறகு, மிகத் தாழ்ந்த குரலில், "கடல" என்றார்.

கடல். மரக்காணத்தில் கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. செல்வி தானாக ஒரு வசனம் சேர்க்கிறார் என்று நினைத்தேன். தோழியைக் கடல் கொண்டுபோய்விட்டது என்பது போல. எனக்கு உடம்பு சிலிர்த்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. அளவைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டேன்.

"கடல. கடலை." இந்த முறை கொஞ்சம் வேகமாக.

கீற்று இடுக்கில் பார்த்தேன். செல்வி மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொடுத்தபடியே. இரண்டு நிமிடம் ஆகவில்லையே, ஏன் அவசரப்படுகிறார் என்று மட்டும் தோன்றியது. டைரக்டரின் தோளைத் தொட்டேன்.

"தம்பி, அந்தப் பொண்ணு என்னமோ கடல்னு சொல்லிக்கினு இருக்குது."

அவர் கண்ணை எடுக்கவில்லை. "சொல்லட்டும்ணா. சூப்பரா போய்க்கினு இருக்கு. அசையாதீங்க."

நான் பேசாமல் உட்கார்ந்தேன். இதை எழுதுவதற்குத்தான் எனக்கு இத்தனை நாள் ஆனது. எனக்குச் சந்தேகம் வந்தது. வந்த பிறகும் உட்கார்ந்தேன். பெரிய தப்பு எதையும் தெரிந்து செய்யவில்லை. சின்னவராக இருந்தாலும் அவர் டைரக்டர், டேக் நன்றாகப் போகிறது, நான் எழுந்து கெடுத்துவிட்டால் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற அந்தப் பழைய கூச்சம். அவ்வளவுதான். ஒரு பெண் சேற்றில் இறங்கிக்கொண்டிருக்க, நான் கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அவர் மூன்றாவது முறை சொன்னார்.

"அண்ணே. கடலை."

கதையில் அண்ணன் என்று யாரும் இல்லை. நான்கு கல்லூரி நண்பர்கள், ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள். தன் குரல் யாருக்குக் கேட்கும் என்று செல்விக்குத் தெரியும். அந்த அண்ணன் நான். அந்த "அண்ணே"வுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்ட பிறகுதான் அடுத்த சொல்லும் காதில் சரியாக விழுந்தது. கடல் இல்லை, கடலை. பொட்டலத்தில் இருந்த கடலை.

அதே நொடியில் என் ஹெட்போனில் எல்லாம் நின்றது. மூச்சு இல்லை, காற்று இல்லை, பறவை இல்லை. காலர் மைக் நெஞ்சுக் குழியில் இருந்தது. சேறு அதுவரை வந்துவிட்டது.

நான் எழுந்தேன். என்ன கத்துவது என்று யோசிக்கவில்லை. வாழ்க்கையில் ஒருமுறைகூட மைக்கில் ஹலோ சொல்லாத நான், தொண்டை கிழியக் கத்தியது "மல்லாட்டை" என்றுதான். கத்திக்கொண்டே கொட்டகையை விட்டு ஓடினேன். கேமராக்காரர் ஒரு நொடி சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவரும் ஓடிவந்தார்.

டைரக்டர் எங்களைத் தாண்டி ஓடி, நேராகப் போய்த் தானும் தொடைவரை இறங்கிவிட்டார். கொட்டகைக்குப் பின்னால், இன்னும் உப்பு எடுக்கும் பாத்தியில் வாரிக்கொண்டிருந்த ஓர் அக்கா அங்கிருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

"டேய், கால வெக்காத. அது வாய்க்கா. படு, படுத்துக்கினு போ. ஜல்தியா பலகையப் போடு."

உப்பு வாருகிற பலகையை அவரே சேற்றின் மேல் போட்டார். கேமராப் பெட்டியின் மூடியைக் கழற்றி அதற்கு முன்னால் போட்டோம். நான்தான் ஒல்லி. நான் அதன் மேல் குப்புறப் படுத்துத் தவழ்ந்தேன். செல்வியின் கழுத்தும் இரண்டு கைகளும் மட்டும் மேலே இருந்தன. கைகளை விரித்து வைத்திருந்தார். கண்கள் என்னையே பார்த்தன. வாய் அசைந்தது, குரல் வரவில்லை. என் தோளில் கிடந்த மைக் கேபிளை அவருடைய அக்குளுக்குக் கீழே சுற்றிக் கட்டினேன். சேறு குளிர்ச்சியாக இருந்தது. மதிய வெயிலில் அப்படி ஒரு குளிர்ச்சி. பிடித்து இழுத்தோம். முதலில் வரவேயில்லை. கீழே யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. அந்த அக்கா, "நேரா இழுக்காத, ஆட்டி ஆட்டி இழு" என்றார். ஆட்டி இழுத்தோம். ஒரு பெரிய உறிஞ்சும் சத்தத்தோடு வந்தார். டைரக்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு தானாக ஏறினார்.

வரப்பில் படுக்கவைத்து முகத்தைத் துடைத்தோம். அந்த அக்கா டைரக்டரைப் பார்த்து, "பேய்ப்படம் எடுக்க வந்தீங்களா, பேயாப் போக வந்தீங்களா" என்றார். செல்வி கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்தார்.

"மூணு தரம் சொன்னேன்லா அண்ணே."

"கடல்னு கேட்டுச்சும்மா."

"உங்க ஊருச் சொல்லு வாயில வரவே மாட்டேன்னுட்டு. மல்லா, மல்லான்னு மனசுக்குள்ள முட்டுது. கடலைதான் வருது. கத்துனா இன்னும் உள்ள இழுக்குது."

தப்பு செல்வியுடையது அல்ல. நடிக்கும்போது பேசுவது ஒரு மொழி, உயிர் போகும்போது பேசுவது ஒரு மொழி. அவருக்கு இரண்டாவதில் மல்லாட்டை கிடையாது. எனக்குச் சிரிப்பாக இருந்த சொல்லை அவருக்குக் கொடுத்திருக்கக் கூடாது. அதன்பிறகு நான் வேலை செய்த இரண்டு படங்களிலும், நிறுத்தும் சொல்லை நடிப்பவரே, அவர் வீட்டில் புழங்கும் சொல்லாகத் தேர்ந்தெடுக்க வைத்தேன். தினமும் காலையில் அதை அவர் எல்லார் முன்னாலும் கத்திக் காட்ட வேண்டும். கூச்சப்பட்டாலும் விடமாட்டேன். காதில் மாட்டியிருப்பவனுக்குச் சந்தேகம் வந்தால், யாருடைய தோளையும் தொட்டுக் கேட்க வேண்டியதில்லை. எழுந்துவிடலாம். இதையும் முதல் நாளே சொல்லிவிடுவேன். நீங்களும் சொல்லிவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, சாயங்காலம் திண்டிவனம் லாட்ஜுக்கு வந்தோம். டைரக்டர் லேப்டாப்பில் அந்தக் காட்சியைப் போட்டார். போட வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, நானும் பார்த்தேன்.

அப்படி ஒரு காட்சியை நாங்கள் எடுத்ததேயில்லை. வெள்ளை நிலம், நடுவில் சின்னதாக ஒரு முதுகு. அது இறங்குகிறது. கேமரா பார்த்துக்கொண்டே இருக்கிறது. "அண்ணே. கடலை." சத்தம் அறுந்துபோகிறது. எங்களுக்கு என்ன நடந்தது என்று தெரியும், அவர் பக்கத்து அறையில் உயிரோடு இருக்கிறார் என்றும் தெரியும். தெரிந்தும் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். பிறகு இடது ஓரத்திலிருந்து நான் ஓடி வருகிறேன்.

"ணா," டைரக்டர் திரும்பாமலே பேசினார். "நீங்க உள்ள வர்றதுக்கு முந்தி வரைக்கும் வெச்சுக்கலாம்ல?"

"அத என்ன கேக்காதீங்க தம்பி. அந்தப் பொண்ணக் கேளுங்க."

செல்வி வந்தார். தலையில் ஈரத் துண்டு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றபடியே பார்த்தார். முதல் "கடல" வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் கழற்றவில்லை, கடைசிவரை கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"இதுல நான் நடிக்கலயே சார்" என்றார் டைரக்டரிடம். "நடிச்சத வைங்க. இது வேண்டாம்."

டைரக்டர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்தப் படத்தை அதை வைத்தே முடித்துவிடலாம் என்று அவர் அதற்குள் கணக்குப் போட்டிருந்தார், எனக்குத் தெரியும். பிறகு செல்வியின் கண்முன்னாலேயே அழித்தார். என் ரெக்கார்டரில் இருந்ததை நான் அழித்தேன். அழிக்கட்டுமா என்று அது இரண்டு முறை கேட்டது.

மறுநாள் காலை, ஊருக்குப் போகக் கிளம்பிய செல்வியை விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் ஏற்றிவிட்டோம். ரயில் இருபது நிமிடம் தாமதம். செருப்பு சேற்றோடு போய்விட்டதால் வழியில் ஒரு ரப்பர் செருப்பு வாங்கியிருந்தார். அது கடிக்கிறது என்று கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு ஏறினார்.